நன்னெறி வகுப்பில் உட்கார்ந்திருந்த கிறிஸ்தவன்

குன்றக்குடி அடிகளார் மறைந்த அதே 1995ஆம் ஆண்டில், ஜூன் மாதத்து ஒரு திங்கட்கிழமை, காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குச் செல்லும் பேருந்தில் ஒரு தகரப் பெட்டியோடும் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றோடும் ஏறி, ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் விடுதியில் போய்ச் சேர்ந்தேன். இளங்கலை வரலாறு எடுத்திருந்தேன். முதல் வாரத்திலேயே ஒரு பிழை நடந்தது. அந்தக் கல்லூரியில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிறிஸ்தவ மாணவர்களுக்கு வேதபாட வகுப்பும் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பும் தனித்தனியே நடக்கும். என் பெயரும் என் அப்பாவின் பெயரும் தமிழ்ப் பெயர்கள். அவற்றில் யோவானும் இல்லை, பேதுருவும் இல்லை. பட்டியல் தயாரித்தவர் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்து, என்னை நன்னெறி வகுப்பில் சேர்த்துவிட்டார்.

அலுவலகச் சன்னலுக்கு முன்னால் போய் நின்று திருத்தச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இரண்டு வாரம் போன பிறகோ, திருத்திக்கொள்ள மனமே வரவில்லை. பிறந்தது முதல் நான் கேட்டிராத ஒன்றை அந்த வகுப்பில் கேட்டேன்: கிறிஸ்தவர் யாரும் பக்கத்தில் இல்லை என்ற நம்பிக்கையில் மற்றவர்கள் கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டேன். அதில் வெறுப்பு அதிகம் இல்லை. சலிப்பும் கேலியும் இருந்தன. எதிர்பாராத இடங்களில் மரியாதையும் இருந்தது. "அவங்க பள்ளிக்கூடத்துல படிச்சாத்தான் உருப்படுவேன்னு எங்கப்பா சேத்துவிட்டாரு" என்றான் ஒருவன். "எதுக்கெடுத்தாலும் ஸ்தோத்திரம்பாங்க, கடன் கேட்டா மட்டும் ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேம்பாங்க" என்றான் இன்னொருவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், அவன் சொன்னது எங்கள் ஊர்ச் சபையின் பொருளாளரை அப்படியே உரித்து வைத்தாற்போல் இருந்தது.

கானாடுகாத்தானிலிருந்து வந்திருந்த நகரத்தார் வீட்டு மாணவன் ஒருவன் சொன்னதை மட்டும் சிரித்துக் கடக்க முடியவில்லை. அவனுடைய அப்பத்தா இறந்து, வீட்டு முகப்பில் உறவினர்கள் கூடியிருந்த நேரத்தில், தெருவில் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு போன ஒருவர் உள்ளே வந்து, தாயைப் பறிகொடுத்து நின்ற அவன் அப்பாவின் கையில் ஒரு தாளைத் திணித்துவிட்டுப் போனாராம். மரணத்துக்குப் பின் நீ எங்கே இருப்பாய் என்ற கேள்வி அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்ததாம். அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. "எங்கப்பா அதை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல" என்று மட்டும் சொன்னான். அந்த நாலு மடிப்பு என் மனத்தில் விழுந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் அவனிடம் போய், நான் கிறிஸ்தவன் என்று சொன்னேன். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்ப இத்தனை நாளா உளவு வேலையா பாத்துக்கிட்டிருந்த?" என்றான். அன்று மாலை இருவரும் சேர்ந்து தேநீர் குடித்தோம். அந்த நட்புக்கு இப்போது முப்பது வயது.

போதகராகி இருபது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், ஊழியத்துக்கு வர விரும்பும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும், கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தது உங்களுக்கு எந்த வகையில் உதவியது என்று கேட்கும்போதெல்லாம், காலை ஆராதனையோ சிற்றாலயத்து மணியோ என் நினைவில் முதலில் வருவதில்லை. பட்டியலில் நேர்ந்த அந்தப் பிழைதான் வருகிறது. என் சொல்லை நம்பவேண்டிய கடமை எதுவும் இல்லாதவர்களின் நடுவே உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்கவும், கேட்ட பிறகு வாயைத் திறக்கவும் அங்கேதான் பழகினேன். செட்டிநாட்டில் ஒரு போதகருக்கு அன்றாடம் வேண்டியது அந்தப் பழக்கம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். நகரத்தாரின் ஒன்பது கோயில்களும் ஊருக்கு ஊர் ஊரணியும் பூட்டிய பெருவீடுகளும் நிறைந்த இந்தப் பகுதியில் எங்கள் சபைகள் சிறியவை. கட்டடத் தொழிலாளர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள், இடமாற்றத்தில் வந்திருக்கும் அரசு ஊழியர்கள், சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உரிமையாளர்களுக்காகப் பெருவீடுகளைப் பார்த்துக்கொள்ளும் காவல் குடும்பங்கள் என்று பலரும் சேர்ந்ததே ஒரு சபை. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம்தான் நாங்கள் எங்களுக்குள் இருப்போம். மற்ற நேரமெல்லாம் எங்கள் நல்லது கெட்டது அனைத்தும் மற்றவர்கள் முன்னிலையில்தான் நடக்கும். எங்கள் வீட்டுச் சாவுக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் திருநீறு அணிந்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் நடுவில் நின்று பேசத் தெரியாதவன் இங்கே சவ அடக்கம் நடத்த முடியாது.

மிஷனெரிகள் தொடங்கிய கலைக் கல்லூரிகள் அனைத்தும் போதகர்களை உருவாக்குவதற்காக ஏற்பட்டவை என்று நம்மவர்கள் சிலர் நினைக்கிறார்கள். 1837இல் தொடங்கிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாகட்டும், 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் பசுமலையில் 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியாகட்டும், 1948இல் தொடங்கிய லேடி டோக் மகளிர் கல்லூரியாகட்டும், எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படிக்கும் இடங்களாகவே வளர்ந்தன. நான் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்; குறைகளையும் சொல்ல இருப்பதால் அதுவே முறை. விடுதியில் என் அறையில் நான்கு பேர்: நான், ஒரு கத்தோலிக்கர், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் ஒருவர், கானாடுகாத்தான் நண்பன். தொழுகைக்கு ஒருவர் எழுந்திருக்கும் நேரமும், தேர்வுக்கு முந்தைய இரவு பிள்ளையாருக்கு ஒருவர் நேர்ந்துகொள்ளும் விதமும், ஜெபமாலையை ஒருவர் தலையணைக்கு அடியில் வைக்கும் பழக்கமும் எனக்குப் புத்தகத்தில் வந்த பாடங்கள் இல்லை.

அந்த ஆண்டில்தான் கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. என் அறைத் தோழர் அதை வாங்கி வந்த அன்று இரவு, 'தேவன்' என்பதா 'கடவுள்' என்பதா, 'பரிசுத்த ஆவி'யா 'தூய ஆவி'யா என்று விளக்கணைக்கும் நேரம் தாண்டியும் வாதிட்டோம். எங்கள் பழைய மொழிபெயர்ப்பின் இருபத்து மூன்றாம் சங்கீதத்தில் வரும் 'தாழ்ச்சியடையேன்' என்ற சொல்லை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. புதியதில் 'குறையில்லை' என்று இருந்தது. சுவரோரம் படுத்திருந்த கானாடுகாத்தான் நண்பன், "முன்னது உங்க கோயில்ல உக்காந்து கேக்குறவனுக்கு, பின்னது என்ன மாதிரி ரோட்டுல நின்னு கேக்குறவனுக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். இன்றும் ஆராதனையில் பழையதையும், அடக்க வீட்டின் முற்றத்தில் புதியதையும் வாசிக்கிறேன். சபை மூப்பர்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. மாற்றிக்கொள்வதாக இல்லை.

ஊழியத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னது 1998இல். அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் பட்டறைத் தொழிலாளி. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கரைசலைக் கண்ணறை கண்ணறையாக ஊற்றி, அச்சைத் தூக்கிய பின் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே சாந்து போட்டு நிரவி, காயவிட்டு, பிறகு சில நாள் நீரில் ஊறப்போட்டு எடுத்தால், கண்ணாடி தானே விட்டுக்கொடுக்கும். பூ வேலை முதலில் முடிந்துவிடும். ஆனால் முகம் கீழே கிடப்பதால் கடைசி நாளில்தான் கண்ணுக்குத் தெரியும். இதைப் பிற்காலத்தில் உவமையாக வைத்துப் பிரசங்கம் ஒன்றே செய்தேன். கல்லூரி வாழ்க்கையும் அப்படித்தான் என்று முடித்தேன். பின் வரிசையில் இருந்து கேட்ட அப்பா, வீட்டுக்கு வந்ததும், "கண்ணாடிய ஒழுங்காத் தொடைக்காமப் போட்டா அம்புட்டும் புள்ளி விழுந்து வீணாப் போகும். அதையும் சொல்லிருக்கணும்ல" என்றார். அதற்குப் பின் அந்த உவமையை நான் எடுத்ததில்லை.

ஊழியத்துக்குப் போவதை அப்பா தடுக்கவில்லை. ஆனால் உடனே போகாதே என்றார். சபை நடத்திய ஒரு மாணவர் விடுதியில் இரண்டு ஆண்டுகள் காப்பாளராக வேலை பார்த்தேன். நாற்பது பையன்களுக்குக் காலைச் சாப்பாடு, சொறி சிரங்குக்கு மருந்து, அரிசி இருப்புக் கணக்கு, இரவு யாராவது சுவர் ஏறினால் தேடிப் போவது. அரிசிக் கணக்கில் நான் திணறியதைப் பார்த்த மேலாளர் ஒருவர், உள்ளே வந்ததை இடப்பக்கமும் வெளியே போனதை வலப்பக்கமும் அன்றன்றே எழுது, நாளை எழுதுகிறேன் என்று ஒருநாளும் படுக்காதே என்றார். இறையியல் பட்டம் பெற்ற எத்தனையோ பேர் ஊழியத்தில் இடறிய இடம் இதுதான். திருட்டு என்பது மிக அரிது. எழுதாமல் விட்டதுதான் பெரும்பாலும் பழியாக வந்து நின்றிருக்கிறது.

இறையியல் கல்லூரிக்குப் போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியத் திருச்சபையில் இளைஞன் ஒருவன் தானாகப் போய்க் குருத்துவப் படிப்பில் சேர்ந்துவிட்டால் போதகராகிவிட முடியாது. சேகரம் என்பது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்; அவனுடைய சொந்தச் சேகரக் குழு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பல சேகரங்கள் அடங்கிய பேராயத்தின் தேர்வுக் குழு நேர்காணல் செய்ய வேண்டும். அதன் பிறகே கல்லூரி. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைகள் இணைந்து உருவான திருச்சபை இது. எங்கள் வட்டாரமோ அமெரிக்கச் சபைப் பாரம்பரியத்தில் வந்தது. எனவே சபை கூடிக் கையுயர்த்தித் தீர்மானிக்கும் வழக்கம் எங்களுக்கு ஆழமானது. என் தீர்மானத்தை எதிர்த்து இரண்டு கைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று எங்கள் பக்கத்து வீட்டுக்காரருடையது. அது நல்லதாகவே முடிந்தது. எனக்கு வாக்களிக்காதவருக்கும் நானே போதகர் என்ற பாடத்தை, ஊழியம் தொடங்குவதற்கு முன்பே கற்றுக்கொண்டேன்.

அங்கீகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்; இதில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலேய மிஷனெரி வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் 1818இல் வங்காளத்துச் செராம்பூரில் தொடங்கிய கல்லூரிக்கு, அந்த ஊர் அன்று டென்மார்க்கின் கையில் இருந்ததால், டேனிய மன்னர் 1827இல் பட்டம் வழங்கும் உரிமையை அளித்தார். ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடியும் அதே டேனியர் ஊர்தான். 1918இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே, இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் ஆட்சிப் பேரவை (செனட்) அமைந்தது. நாடெங்கும் உள்ள பல இறையியல் கல்லூரிகள் அதனோடு இணைந்துள்ளன. மதுரையில் படித்த என் இறையியல் பட்டச் சான்றிதழில் ஊக்ளி ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பெயர் இருப்பது அதனால்தான். பட்டதாரிகளுக்கு நான்கு ஆண்டுப் படிப்பு. நான் 2000 முதல் 2004 வரை படித்தேன். ஆறு மாதத்தில் பட்டம், ஓராண்டில் முனைவர் என்று சுவரொட்டி ஒட்டும் இடங்களில் வயலை விற்றுப் பணம் கட்டிவிட்டு, பிறகு எந்தத் திருச்சபையும் ஏற்காமல் திண்டாடிய இருவர் என் சொந்தக்காரர்கள். சேரும் முன்பே பேராய அலுவலகத்தில் போய், இந்தப் பட்டத்தை ஏற்பீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

இறையியல் கல்லூரியில் மூன்று அனுபவங்கள் என்னைத் திருப்பிப் போட்டன. முதலாவது மருத்துவமனைப் பயிற்சி. வாரத்தில் ஒருநாள் மருத்துவமனைக்குப் போய் நோயாளி ஒருவரோடு பேசிவிட்டு, அறைக்குத் திரும்பியதும் அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் நாடகம் எழுதுவதுபோல் வரிக்கு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். கருப்பை அறுவை முடிந்து படுத்திருந்த ஓர் அம்மாவோடு பேசியதை நான் பெருமையாக எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டி அதில் ஒன்றும் திருத்தவில்லை. என் வரிகளை மட்டும் எண்ணி ஓரத்தில் 31 என்றும், அந்த அம்மாவின் வரிகளை எண்ணி 9 என்றும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அந்த 9 வரிகளில் ஒன்று, "வீட்டுல சின்னவ தனியா இருக்கா" என்பது. அதற்கு நான் சொன்ன பதில் ஒரு வேத வசனம். சின்னவளுக்கு என்ன வயது என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த வாரம் போனேன். அந்தப் படுக்கையில் வேறொருவர் இருந்தார். இப்போதும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கும் முன், இன்று எத்தனைக்கு எத்தனை என்று மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடும். பெரும்பாலும் தோல்விதான்.

இரண்டாவது, கல்லூரி வளாகத்துக்கு வெளியே, கூலித் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் ஒற்றை அறை எடுத்து மூன்று மாணவர்களாக நாங்கள் தங்கியிருந்த காலம். தண்ணீர் லாரி நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கும் வரும், மூன்று மணிக்கும் வரும். வரிசையில் குடம் வைத்தவர் பக்கத்தில் நின்றால்தான் குடம் நிற்கும். ஆள் நகர்ந்தால் குடமும் நகர்ந்துவிடும். அதிகாலை ஜெபத்துக்கு என்று நாங்கள் வைத்திருந்த நேரத்தில் லாரி வந்துகொண்டே இருந்ததால், மாதக் கடைசியில் ஜெபத்தையே குடத்தோடு வரிசையில் நின்று செய்யத் தொடங்கினோம். அங்கே பேசிய பெண்களிடம் கேட்ட தமிழ் என் பிரசங்கத்துக்குள் நுழைந்தது அப்படித்தான். அதற்கு முன் என் பேச்சு முழுக்கக் காரைக்குடி மேடைப் பேச்சு. சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாவுக்குச் சிறுவயதில் பங்குனிதோறும் போய்ப் பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். அடுக்குமொழியும் குரலேற்றமும் அங்கே தொற்றிக்கொண்டவை. பிரசங்கக் கலை வகுப்பில் என் முதல் பிரசங்கத்துக்குப் பின் ஆசிரியர் மாணவர்களிடம், இவர் என்ன சொன்னார் என்று கேட்டார். நன்றாகப் பேசினார் என்றார்கள். அது என் கேள்விக்குப் பதில் இல்லை என்றார் அவர்.

மூன்றாவது கிரேக்கம். மூன்று பருவங்கள் அந்த வினைச்சொற்களோடு மல்லுக்கட்டி, இதனால் ஆத்தங்குடியில் யாருக்கு என்ன பயன் என்று சலித்தவன் நான். இயேசு மக்களைக் கண்டு மனதுருகினார் என்று நம் வேதாகமத்தில் வரும் இடத்தில், கிரேக்கத்தில் உள்ள சொல் 'ஸ்ப்ளாங்னிட்ஸோமாய்'. குடல், ஈரல் முதலிய உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த வினை அது. எபிரேயத்தில் இரக்கத்தைக் குறிக்கும் 'ரஹமீம்' என்பதோ கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. உதவி குருவாக நியமனமான புதிதில் இதையெல்லாம் ஒரு ஞாயிறு நாற்பது நிமிடம் விளக்கினேன். வெளியே வரும்போது ஒரு பெரியவர், "ஐயா, மைக்கு இன்னிக்கு நல்லாக் கேட்டுச்சு" என்று பாராட்டினார்.

கல்லூரி சொல்லித் தராதவை, அல்லது சொல்லித் தந்தும் நான் தூங்கிப்போனவை, சில உண்டு. பதிவேடுகள் அவற்றில் முதன்மையானவை. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் திருமண நேரத்தைக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் என்று வரையறுத்திருக்கிறது என்பதை நான் அறிந்தது, மாப்பிள்ளை வீட்டு வேன் புதுக்கோட்டை தாண்டிப் பழுதாகி நின்ற ஒரு மாலையில், மூத்த போதகர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தபோதுதான். வேன் வந்து சேர்ந்தபோது மணி 6.20. பாடல்களைக் குறைத்து, பிரசங்கத்தைப் பின்னால் தள்ளி, 6.45க்குள் உடன்படிக்கையை முடித்தேன். பெண்ணின் தாய்மாமன் இன்றுவரை, ஐயா அவசரமாக முடித்துவிட்டார் என்று குறைபட்டுக்கொள்கிறார். மூன்று ஞாயிறும் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்த தேதிகளைக் குறித்து வைப்பது, பெயர்களை முன்பே சான்றிதழோடு ஒப்பிட்டுக்கொள்வது, பதிவேட்டில் வெற்றிடம் விடாமல் எழுதுவது, காணிக்கையை எப்போதும் இருவராக எண்ணி அங்கேயே கையெழுத்திடுவது முதலியவற்றை முதல் சேகரத்தில் மூத்தவர் ஒருவரின் கீழ் இருக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டுக்காக வந்து நிற்கும் பிள்ளையின் திருமுழுக்குச் சான்றில் ஒரெழுத்துப் பிழை இருந்தால் எவ்வளவு அலைய வேண்டியிருக்கும் என்பதை, பெயர்ப் பிழையால் வாழ்க்கை மாறிய நான் அறிவேன்.

குறைகளைச் சொல்கிறேன் என்றேன். இளங்கலைக் கல்லூரியின் உணவுக்கூடத்தில் கிறிஸ்தவ மாணவர்களே வட்டாரம் வட்டாரமாக, வெளியே சொல்லாத சாதிக் கணக்கின்படி மேசை பிரித்து அமர்ந்தார்கள். கல்லூரிப் பேரவைத் தேர்தலில் அதே மேசைகள் அணிகளாயின. நிர்வாகம் அதைக் கண்டும் காணாமல் இருந்தது. நானும் என் மேசையை விட்டு எழுந்தது மூன்றாம் ஆண்டில்தான், அதுவும் அறைத் தோழர்கள் கேலி செய்த பிறகு. இறையியல் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேர்வு எழுதுபவர் அறிஞர், தமிழில் எழுதுபவர் கிராமத்துக்கு உரியவர் என்ற ஒரு மெல்லிய எண்ணம் இருந்தது. நான் தமிழில்தான் எழுதினேன். இத்தகைய இடங்களுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், அது பரலோகத்தின் கிளை அலுவலகம் என்று எண்ணி அனுப்பினால், முதல் விடுமுறையிலேயே பிள்ளை உடைந்து போய் வருவான்.

2016இல் பேராயம் என்னைச் செட்டிநாட்டுப் பக்கமே மாற்றியது. அடுத்த ஆண்டு கானாடுகாத்தான் நண்பன் சிங்கப்பூரிலிருந்து அழைத்தான். அவன் அம்மா வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து காரைக்குடியில் மருத்துவமனையில் இருப்பதாகவும், தான் வந்து சேர இரண்டு நாளாகும் என்றும் சொன்னான். போனேன். வேத புத்தகத்தை வண்டிப் பெட்டியிலேயே வைத்துவிட்டு உள்ளே நுழைந்தேன். அவன் அம்மாவை ஆச்சி என்றுதான் அழைப்பேன். ஆச்சிக்கு என்னை விடுதி நாள்களிலிருந்து தெரியும். சீப்புச் சீடையும் மாவுருண்டையும் டப்பா டப்பாவாகக் கொடுத்தனுப்பியவர். சுருக்கமாகப் பேசினோம், பெரும்பாலும் அவர்தான் பேசினார். தன் வலியைப் பற்றி ஒரு வரி. மற்றதெல்லாம், வீட்டைக் காவல் பார்க்கும் குடும்பத்தின் பேத்தியைப் பற்றி. அந்தக் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். "அந்தப் பிள்ளைய நெனச்சா வயித்தப் பெசையுது தம்பி" என்றார் ஆச்சி, சேலைக்கு மேல் கையை வைத்து அழுத்தியபடி.

நாற்பது நிமிடம் நான் விளக்கிய கிரேக்க வினை, ஆச்சியின் வாயில் மூன்று சொல்லாக வந்து விழுந்தது. நம் மொழியில் பெற்ற வயிறும் பற்றியெரியும் வயிறும் பிசையும் வயிறும் எல்லாம் இருக்க, நான் அகராதியைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். கிரேக்கம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதைப் படித்திராவிட்டால் ஆச்சி சொன்னது என் காதில் ஒரு வழக்குத் தொடராக மட்டுமே போயிருக்கும். எழும்போது அவர், "உங்க சாமிகிட்ட அந்தப் பிள்ளைக்காக ஒரு வார்த்தை சொல்லு" என்றார். நின்றபடியே சிறிதாக ஜெபித்தேன். கண் திறந்ததும், "நான் கொப்புடையம்மாகிட்ட உனக்குச் சேத்துச் சொல்லி வைக்கிறேன்" என்றார். நன்றி ஆச்சி என்றேன். இதை அறிந்த சபையின் வாலிபர் ஒருவர், ஐயா அதை மறுத்திருக்க வேண்டாமா என்று கேட்டார். முப்பது ஆண்டுக்கு முன் ஒரு முகப்பில் நாலாக மடித்து வைக்கப்பட்ட தாளைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் முழுதாக ஏற்றார் என்று சொல்ல முடியாது. குழந்தைக்கு அறுவை நடந்து, இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். ஆச்சி அடுத்த ஆண்டு ஐப்பசியில் இறந்தார். அடக்கத்துக்குப் போய், நண்பனுக்குப் பக்கத்தில் முகப்பில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை, நானும் பேசவில்லை.

சென்ற மாதம் எங்கள் சபையின் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் ஒருவன் அம்மாவோடு வந்து, இறையியல் கல்லூரிக்குப் பரிந்துரை வேண்டும் என்றான். நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது; அதற்கு ஐந்து ஆண்டுகள். நான் அவனிடம் முதலில் ஒரு பட்டம் முடிக்கச் சொன்னேன்: வரலாறோ தமிழோ வணிகவியலோ எதுவானாலும் சரி, விடுதியில் தங்க வேண்டும், அறைத் தோழர்கள் அத்தனை பேரும் நம் ஆட்களாக இருந்துவிடக் கூடாது, விடுமுறையில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் இரண்டு மாதமாவது உட்கார வேண்டும் என்றேன். அவன் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "அத்தன பேரு நடுவுல இருந்தா இவன் விசுவாசம் கொறஞ்சிராதா ஐயா?" என்றார். குறையலாம் என்றேன். கூடவும் செய்யலாம்; எது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அங்கே குறைவது இங்கே ஊழியத்துக்கு வந்த பின் குறைவதைவிட நல்லது என்றேன். அவர் சமாதானம் அடையாமலே எழுந்தார். பையன் மட்டும் விண்ணப்பத்தைப் பிரித்து வைத்தான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவன் திரும்பி, கல்லூரிப் படிவத்தில் சமயம் என்ற கட்டத்தை எப்படி நிரப்புவது, சான்றிதழில் உள்ளபடியா என்று கேட்டான். உள்ளபடியே எழுது என்றேன். அவன் பெயரும் அப்பாவின் பெயரும் தமிழ்ப் பெயர்கள்தாம். எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதை அங்கே பட்டியல் தயாரிப்பவர் பார்த்துக்கொள்வார்.